பெண்ணையாற்றங்கரையில் ஒரு சுவர்ப்படம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர் வந்துவிடும். புதுவையின் நெற்களஞ்சியம் என்று இப்பகுதியைச் சொல்வது வழக்கம். அது வெறும் புகழ்ச்சியன்று என்பதைச் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் வயல்களே சொல்லும். சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்று நீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவந்த முன்னோரின் உழைப்பால் விளைந்த செழிப்பு இது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்திலே இவ்வூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களை மானியமாக விட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. சோழர் காலத்து மூலநாதர் கோயில் இன்றும் ஊர் நடுவே நிற்கின்றது.

பாகூரிலிருந்து தெற்கே சென்றால், ஆற்றை ஒட்டிச் சோரியாங்குப்பம். ஆற்றுக்கு அப்பால் கடலூர் மாவட்டம். கோடையில் மணலாய்க் கிடக்கும் பெண்ணையைப் பார்த்தவர், அதற்குச் சினமும் உண்டு என்பதை நம்பமாட்டார். ஆனால் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அது போதாதென்று, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறந்துவிடப்பட, பெண்ணை கரைபுரண்டது. ஆற்றோர ஊர்கள் பல நீரில் மூழ்கின. சோரியாங்குப்பமும் அவற்றுள் ஒன்று.

வெள்ளம் வடிந்து சில வாரங்கள் சென்றபின், அவ்வூரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைக் காணப் போயிருந்தோம். எண்பதைக் கடந்த ஆயா ஒருவர், அவருடைய மகன், மருமகள், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பேரன் என நால்வர் வாழும் பழைய ஓட்டு வீடு. "தோத்திரம் சாமி" என்று வரவேற்ற ஆயா, நாற்காலியைத் துடைத்துப் போடுவதற்கு முன்னரே நம் கையைப் பற்றிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார்.

அச்சுவரில் ஒரு படம். எகிப்துக்குத் தப்பிச் செல்லும் திருக்குடும்பத்தின் படம் அது. கழுதையின்மேல் தேவதாய் குழந்தையை மடியில் வைத்து அமர்ந்திருக்க, சூசையப்பர் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்கிறார். அவர் இடுப்பில் நம் நாட்டு வேட்டி, தலையில் முண்டாசு. அவர்கள் கடக்கும் ஆற்றின் கரையில் பனைமரங்கள் வரிசையாய் நிற்கின்றன. அது நைல் நதியன்று, பெண்ணையே என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆயாவின் கணவர் சுண்ணாம்புக் காரை வேலையில் தேர்ந்த கொத்தனார். சிற்றாலயங்களில் பூவேலையும் எழுத்து வேலையும் செய்தவர். பம்பாயில் நற்கருணை மாநாடு நடந்து, திருத்தந்தை ஆறாம் பவுல் நம் நாட்டுக்கு வந்த 1964ஆம் ஆண்டில், திருமணமான புதிதில் அவர் வரைந்த படமாம் இது. காவி, கரி, சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம், இலைப்பச்சை என்று நான்கைந்து நிறங்களே. முகங்கள் தேர்ந்த ஓவியனின் கைவண்ணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கழுதையின் கண்ணில் இருக்கும் களைப்பை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வெள்ளம் கழுதையின் வயிறு வரை ஏறியிருந்தது. நீர் வடிந்த கோடு பழுப்பாய்த் தெரிந்தது. அதற்குக் கீழே வண்டல் படிந்திருந்தது. அதற்கு மேலே, ஓதம் ஏறிய இடமெங்கும் வெள்ளையாய் உப்புப் பூத்து, நிறங்கள் காய்ந்த வயல் மண்ணைப்போல் வெடித்துச் சிறுசிறு பொருக்குகளாய் எழும்பி நின்றன. மின்விசிறியைப் போட்டால் இரண்டொரு பொருக்கு உதிரும். ஆகவே அவர்கள் அந்தக் கூடத்தில் மின்விசிறி போடுவதையே நிறுத்திவிட்டார்கள்! உதிர்ந்தவற்றை ஆயா ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். தேவதாயின் நீலப் போர்வையின் துண்டுகள் அதில் இருந்தன.

"இது நிக்குமா சாமி?" என்று கேட்டார். நாம் விடை சொல்லுமுன், பேரன் உள்ளே சென்று பளபளப்பு மெருகெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு கை பூசிவிட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்களாம். மகனுக்கோ வேறு எண்ணம். வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்ட வேண்டும். அதே படத்தை ஓட்டுக்கல்லில் அச்சிட்டுப் பதித்துவிடலாம், வெள்ளம் வந்தாலும் துடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அவரையும் குறை சொல்வதற்கில்லை. டிசம்பர் இரவில் தாயை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவு நீரில் நடந்தவர் அவர்.

நாம் அந்தத் தகரத்தைப் பார்த்தவுடன் சற்றே நடுங்கினோம். அதற்குக் காரணம் உண்டு.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் இளம் பங்குக் குருவாய் இருந்த ஓர் ஊரின் ஆலயத்தில், பீடத்துக்குப் பின்புறச் சுவரில் சம்மனசுகள் இருவர் தூபக்கலசம் ஏந்தி நிற்கும் பழைய படம் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல நாணுகிறோம். படம் பொரிந்து உதிரத் தொடங்கியது. திருவிழா நெருங்கிற்று. யாரையும் கலந்துகொள்ளாமல், தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை நீரில் கரைத்து, அகலத் தூரிகையால் நாமே ஏணியில் ஏறிப் பூசினோம். திருவிழாவன்று படம் புதிதுபோல் மின்னிற்று; பாராட்டாதவர் இல்லை. அடுத்த ஐப்பசி மழைக்குப்பின், ஒரு காலைத் திருப்பலிக்கு முன் கதவைத் திறந்தபோது, இடப்புறச் சம்மனசு முழுவதும் ஒரு தோல்போல் உரிந்து பீடத்தின் பின்னே சுருண்டு கிடந்தது. நாம் பூசிய பசைப்படலத்தின் அடியில் சம்மனசின் முகமும், அதற்கும் அடியில் ஒரு நகக்கன அளவு காரையும் ஒட்டியே வந்திருந்தன. வலப்புறத்தவர் அதற்கடுத்த ஆண்டு போனார். இன்று அச்சுவரில் வெள்ளை நிறம் மட்டுமே இருக்கிறது.

அன்று ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பின்னரே படித்தும் கேட்டும் அறிந்தோம். சுவர் என்பது உயிரற்ற பொருளாயினும் மூச்சுவிடும் பொருள். மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி, வெளிமுகத்தின் வழியே அதைக் காற்றுக்கு விட்டுவிடும். அந்த நீரோடு மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளும் கரைந்து வருகின்றன. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பரல்களாய் உறைகிறது. மேற்பரப்பில் உறைந்தால் வெள்ளைப் பூப்பாய்த் தெரியும், துடைத்துவிடலாம். நிறத்தின் அடியிலே உறைந்தாலோ, வளரும் பரல்கள் நிறத்தை வெளியே தள்ளும். நாம் பூசியதுபோன்ற ஒரு படலம் சுவரின் வாயை அடைத்துவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி உப்பு முழுவதும் படலத்தின் முதுகிலேயே சேரும். பிறகு நடப்பதை மேலே சொன்னோம். சிமெண்டுப் பூச்சும் இதையே செய்கிறது. அடிச்சுவரைச் சிமெண்டால் பூசினால் ஓதம் நிற்பதில்லை, அதற்கு மேலே ஏறிப் படத்தில் போய் வெளியேறுகிறது. சோரியாங்குப்பத்து வீட்டிலும் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுப் பட்டை இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மகன் வைத்ததாம்.

பேரனிடம் தகரத்தைத் திறவாதே என்று சொல்லி, அதற்கு ஈடாக அவனை ஒரு பயணத்துக்கு அழைத்தோம். சுவரில் எழுதிய நிறம் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கும் என்பதைக் கண்ணால் கண்டால்தானே இளைஞர் நம்புவர்! ஒரு சனிக்கிழமை விழுப்புரம் வழியாகப் பனைமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய ஏரி, அதன் கரையில் சிறு குன்று, குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில். அதன் வடபுறச் சிறு சன்னிதியின் சுவரில் உமையம்மையின் உருவம் எஞ்சி நிற்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் நிலை. அவள் பார்வை செல்லும் அடுத்த சுவரில் ஆடும் சிவபெருமானின் உருவம் சில கோடுகளாய் மட்டும் தெரிகிறது. இவ்வோவியத்தைக் கற்றோர் உலகுக்கு அறிமுகம் செய்தவர் நம் புதுவையில் ஆசிரியராய் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னிதிகளில் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931ஆம் ஆண்டு கண்டெடுத்தவரும் அவரே. அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட சுற்றறையில், நாயக்கர் காலப் படங்கள் உதிர்ந்த இடத்தில், அவற்றின் அடியிலிருந்த சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டார்.

தஞ்சைச் சோழ ஓவியம் நிலைத்ததற்கும் சோரியாங்குப்பத்துப் படம் உதிர்வதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலார் எஸ். பரமசிவன் அக்காலத்தில் ஆராய்ந்து கூறியபடி, சோழர் ஓவியர்கள் ஈரம் உலராத சுண்ணாம்புக் காரையின்மேல் வரைந்தார்கள். சுண்ணாம்பு காய்கையில் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அக்கல்லுக்குள்ளே நிறமும் அடங்கிவிடுகிறது. அங்கே பசைக்கு வேலையில்லை. உலர்ந்த சுவரில் வரையும்போதோ, நிறத்தைச் சுவரோடு பிடித்து வைப்பது பசை ஒன்றுதான். அப்பசை கெட்டால் நிறம் வெறும் பொடி. அசந்தாவின் ஓவியங்களும் இவ்வகையே. மண்பூச்சின்மேல் பசை கலந்த நிறத்தால் எழுதப்பட்டவை.

அப்படியானால் அந்தப் பசை எது? நம் முன்னோர் எழுதி வைத்திருக்கிறார்கள். விஷ்ணுதர்மோத்தரம் என்னும் நூலின் சித்திரப் பகுதி, எருமைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப்பசையைக் கூறுகிறது. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது அதன் வழித்தோன்றல். பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் வேப்பம் பிசினைச் சொல்கிறது. இன்றும் கேரளச் சுவரோவியர் அதையே கையாளுகின்றனர். தஞ்சாவூர்ப் பலகைப் படங்களில் புளியங்கொட்டைப் பசைக்கு இடமுண்டு. புதுவையில் 1855இல் கட்டி முடிக்கப்பெற்ற கப்ஸ் கோயிலின் வழவழப்பான சுவர்ப்பூச்சில் முட்டை வெண்கரு கலந்ததாகச் சொல்லும் கதையைக் கேட்காத புதுவைக் கத்தோலிக்கர் இருக்க மாட்டார்.

பனைமலையிலிருந்து திரும்பியதும் ஆயாவிடம் இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அவரு வேலம் பிசினுதான் போடுவாரு சாமி" என்றார். கருவேல மரத்தில் வடிந்த பிசினை ஓர் இரவு நீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, விரலில் தொட்டுப் பார்த்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்துக்கு நீர்விட்டுக் கலப்பாராம். புதுமணப் பெண்ணாய் இருந்த ஆயா, கெட்டியாய்க் கலந்தால் நன்றாக ஒட்டாதா என்று கேட்டதற்கு, "பிசின் அதிகமானா படம் சுருட்டிக்கும்டி" என்று அவர் சொன்னதாக ஆயா நினைவுகூர்ந்தார். நாம் குருமடத்தில் படித்த பாடங்கள் பல. ஆனால் இந்த ஒரு வாக்கியம் இருபது ஆண்டுக்கு முன் நம் காதில் விழுந்திருந்தால் இரண்டு சம்மனசுகள் பிழைத்திருப்பார்கள்.

சுருட்டிக்கொள்வது என்பதே பசைகளின் பெருங்குற்றம். விலங்குப் பசை காயும்போது சுருங்குகிறது. அதன் பிடிப்பு காரையின் பிடிப்பைவிட வலியதாயின், சுருங்கும்போது காரையையும் பிய்த்து எடுக்கிறது. மேலும் நம் மழைக்காலத்தில் அது பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் விருந்து. இந்தப் பாடத்தை உரோமாபுரியே கற்றிருக்கிறது. மைக்கிலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டின் சிற்றாலயத்து விதானம் மெழுகுவர்த்திப் புகையால் மங்கியபோது, 1625இல் ரொட்டித் துண்டுகளால் துடைத்தார்கள். 1710ஐ ஒட்டிய ஆண்டுகளில் திராட்சை இரசத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்தார்கள். நிறம் பொலிவு பெறட்டும் என்று விலங்குப் பசையையும் பூசினார்கள். அது சில காலம் பொலிந்து, பின் கறுத்து, சுருங்கி, அடியிலிருந்த நிறத்தை நுண்ணிய செதில்களாய்ப் பிய்க்கத் தொடங்கிற்று. 1980 முதல் 1994 வரை நடந்த பெரும்பணியில் அதை அகற்றினார்கள். அகற்றியதே மிகை என்று கூறும் அறிஞர்களும் உண்டு; அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் யார்! இறுதித் தீர்வை ஓவியம் துலங்கியபோது, 1994 ஏப்ரல் 8ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே திருப்பலி நிறைவேற்றினார்.

அரக்கின் கதை இதனினும் வருந்தத்தக்கது. ஏனெனில் அது நம் நாட்டுப் பொருள். காட்டு மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கைச் சாராயத்தில் கரைத்தால் தெளிந்த பசை கிடைக்கும். ஐதராபாத் நிசாம் அரசு 1920ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஒர்சினி என்ற இரு வல்லுநரை அசந்தாவுக்கு வரவழைத்தது. உதிரும் நிலையிலிருந்த ஓவியங்களை அவர்கள் உண்மையாகவே காப்பாற்றினார்கள். ஆனால் பூசிய அரக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்து, மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல் படத்தை மூடிற்று. பிற்காலத்தில் நம் தொல்லியல் துறையினர் அதை அங்குலம் அங்குலமாய் அகற்ற நேர்ந்தது. மிலான் நகரில் லியோனார்தோ தா வின்சி வரைந்த இறுதி இராவுணவுக்கும் இதே மருந்து கிடைத்தது. ஈரச் சுவரில் விரைந்து எழுத விரும்பாமல், உலர்ந்த சுவரில் முட்டையும் எண்ணெயும் கலந்த நிறத்தால் 1498 வரை அவர் வரைந்த படம், அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. ஒருவர்பின் ஒருவராய் வந்து பசையும் மெழுகும் பூசினர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வந்தவர் அரக்குப் பூசினார். 1978 முதல் 1999 வரை பினின் பிரம்பில்லா என்ற அம்மையார் தம் வாழ்வின் இருபதாண்டுகளைக் கொடுத்து, லியோனார்தோவினுடையவை அல்லாதவற்றை அகற்றினார். இறுதியில் எஞ்சியது சிறிதே.

பீசா நகரில் நடந்தது நமக்குச் சிரிப்பையும் வியப்பையும் ஒருங்கே தருகிறது. அங்குள்ள கல்லறை முற்றத்தின் சுவரோவியங்கள் 1944 சூலையில் குண்டுவீச்சால் எரிந்தபோது, எஞ்சியவற்றைத் துணி ஒட்டி உரித்தெடுத்தார்கள். துணி ஒட்டிய விலங்குப் பசை காலப்போக்கில் இறுகிப்போய், புனித எபீசியுவின் மனமாற்றத்தைக் காட்டும் படத்திலிருந்து எந்த மருந்துக்கும் அசையவில்லை. முடிவில், அப்பசையைத் தின்று வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களைப் பஞ்சில் ஏற்றிப் படத்தின்மேல் வைத்தார்கள். அவை சில மணி நேரத்தில் பசையைத் தின்று தீர்த்தன; நிறத்தைத் தொடவில்லை. பெரிய பெரிய வல்லுநர்கள் செய்த பிழையைக் கண்ணுக்குத் தெரியாத புழுப்பூச்சிகள் திருத்தின!

ஆகவே இயற்கைப் பசை நல்லது, செயற்கைப் பசை தீயது என்று கணக்குப் போட்டுவிட முடியாது. சம்மனசுகளைக் கொன்றது செயற்கைப் பசை. மிலானில் படத்தைக் கறுப்பித்தது இயற்கை அரக்கு. படத்தைக் காப்போர் பார்ப்பது வேறு சில குணங்களை. பசை சுவரைவிட வலுக்குறைந்ததாய் இருக்கவேண்டும், சுவர் மூச்சுவிட இடந்தர வேண்டும், பளபளக்கக் கூடாது, பின்வருவோர் வேண்டாமென்றால் எடுத்துவிடத் தக்கதாய் இருக்கவேண்டும். கடைசிக் குணத்தை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

இவற்றை நமக்கு விளக்கியவர், சுவரோவியப் பாதுகாப்பில் முறையான பயிற்சி பெற்ற அம்மையார் ஒருவர். நம் நண்பரின் உறவினர். பங்குனியில் ஒருநாள் அவரைச் சோரியாங்குப்பத்துக்கு அழைத்துச் சென்றோம். வந்தவர் பசையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் சிமெண்டுப் பட்டையைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். அப்பணியை மகனே செய்தார். தாம் வைத்ததைத் தாமே எடுக்கிற மனிதரின் முகம் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். பின்னர் அச்சுவர் கோடை முழுவதும் வெறுமனே காய வேண்டும் என்றார். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வேலை என்பதைப் பேரனால் ஏற்கவே முடியவில்லை.

வைகாசியில் இரண்டாம் முறை வந்தார். மெல்லிய காகிதத்தைப் பொருக்குகளின்மேல் பாதுகாப்பாய் வைத்து, அதற்குமேல் காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து அப்பினார். கூழ் காயும்போது சுவரின் உப்பைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. ஒருநாள் கழித்து உரித்த கூழை நுனிநாக்கில் வைத்துப் பார்த்த பேரன் முகம் சுளித்தான். அப்போதுதான் அவனுக்கு முழு நம்பிக்கை வந்தது. வண்டல் கறையை எடுக்கக் கடற்பாசிக் கூழைப் பயன்படுத்தினார். மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் கடலில் மூழ்கிக் கையால் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இந்தக் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது. நம் வீட்டுக் குழந்தைகள் உண்ணும் இனிப்புக் கட்டியும் அதுவே. கழுதையின் வயிற்றின்மேல் அக்கூழைத் தகடாய் வைத்துச் சிறிது நேரங்கழித்து எடுத்தபோது, சேறு அதில் பழுப்பாய் ஏறியிருந்தது.

பசை அதற்குப் பின்னரே வந்தது. அதுவும் படம் முழுமைக்குமன்று. ஆற்று நீர் வரைந்திருக்கும் கீழ்மூலையில், உள்ளங்கையளவில் மூன்று இடங்களைத் தேர்ந்தார். ஒன்றில் நீர்த்த வஜ்ஜிரம். ஒன்றில் ஆயா தம் கையால் அவர் கணவர் பதத்துக்குக் கலந்து தந்த வேலம் பிசின். மற்றொன்றில் சப்பான் நாட்டார் நெடுங்காலமாய்க் கையாளும் செங்கடற்பாசிப் பசை. மென்காகிதத்தின் வழியே சிறு தூரிகையால் பொருக்கின் அடியில் பசையைச் செலுத்தி, பஞ்சுத் திரணையால் மெதுவாய் அமுக்கி, ஒவ்வொரு பொருக்கையும் அதன் இடத்தில் படுக்க வைத்தார். காலை முதல் மாலை வரை வேலை. மூன்று உள்ளங்கையளவே முடிந்தது.

"அடுத்த மழை போன பிறகு பார்க்கலாம் ஃபாதர்" என்று சொல்லிப் புறப்பட்டார். மழை வந்தது, போயிற்று. தை மாதத்தில் எல்லாரும் கூடிச் சுவர்முன் நின்றோம். வஜ்ஜிரம் வைத்த இடத்தில் விளிம்புகள் மேலெழும்பி, சாம்பல் நிறப் பூஞ்சணம் மெல்லப் படர்ந்திருந்தது. வேலம் பிசின் பெரும்பாலும் பிடித்திருந்தது. ஆனால் மேல்விளிம்பில் நொறுங்கிப் பொடியாய் வந்தது. கடற்பாசிப் பசை வைத்த இடம் ஒளியின்றி, எதுவும் பூசாததுபோல் தட்டையாய் இருந்தது. விரலால் தேய்த்தால் சிறிது நிறம் ஒட்டத்தான் செய்தது. உப்பு மிகுந்திருந்த ஒரு புள்ளியில் அதுவும் தோற்றிருந்தது. அந்த இடத்துக்கு மீண்டும் காகிதக் கூழ் வைக்கவேண்டும் என்று அம்மையார் குறித்துக்கொண்டார்.

ஆயா மூன்றாவது இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் கணவரின் பிசினையும் அதையும் கலந்தால் என்ன என்று கேட்டார். அம்மையார் சிரிக்கவில்லை, அப்படிச் செய்து பார்ப்பவர்களும் உண்டு என்று சொல்லி, நான்காவது உள்ளங்கைக்கு இடம் தேடலானார். வீடு இடிக்கும் பேச்சு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் மகன் இப்பொழுது மாடி வைக்கும் வரைபடத்தில் அந்தக் கூடத்துச் சுவரை விட்டுவிட்டு மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்; அதனால் படிக்கட்டு எங்கே வரும் என்பதில் இன்னும் தகராறு. தீப்பெட்டியிலிருந்த நீலத்துண்டுகளுள் பதினொன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவை ஆயாவின் தலையணைக்கு அருகிலே, அந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன.